மோட்டா பௌதியின் கழுத்து

"இதில் அடிபட்டது எது, முன்பிருந்தே இப்படி இருந்தது எது?"

அவசர சிகிச்சைப் பிரிவில் இருந்த ஒரு இளம் டாக்டர் என்னிடம் இப்படிக் கேட்டார். கையுறை போட்ட விரலால் சுந்தரி அத்தையின் தாடைக்குக் கீழே சுட்டிக் காட்டினார். அங்கே தோல் மடிப்பு மடிப்பாகத் தொங்கியது. ஒரு மடிப்பு காதுக்குக் கீழிருந்து கிழிந்து, ஓரம் வெந்து, கருத்திருந்தது. இன்னொரு மடிப்பில் நான்கு விரல்களும் அழுந்திய தடம் ஊதா நிறத்தில் தெரிந்தது. ரத்தம் ரவிக்கை முழுவதும் நனைத்து, இடுப்புச் சேலை வரை இறங்கியிருந்தது.

எனக்குப் பதில் தெரியவில்லை. அத்தை எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருந்தவர். நான் பிறந்ததிலிருந்து அவரைப் பார்க்கிறேன். ஆனால் அதற்கு முந்தைய ஒரு வருஷமாக அக்கம்பக்கத்தில் அவர் கழுத்தை யாரும் பார்த்ததில்லை. எந்த வெயிலிலும் ஒரு பருத்தித் துணியைச் சுற்றிக்கொண்டே இருப்பார். துணி சுற்றத் தொடங்கிய பிறகு, அது இல்லாமல் நான் அவரைப் பார்த்தது அன்றுதான்.

அவருடைய கதையை நான் எழுதலாமா என்று கேட்டேன். பேர், ஊர் எல்லாம் போட்டே எழுது என்றார். அதனால் எழுதுகிறேன்.

சுந்தரி அத்தை தென்காசிப் பக்கம் பிறந்தவர். கல்யாணமாகி கல்கத்தா வந்தார். கணவர் ஜெகன் மாமாவின் அப்பா கரியாஹாட் சந்தைக்குப் பின்னால், எங்கள் கட்டடத்தின் அடியிலேயே, சந்தைப் பார்த்து இட்லி, தோசை, வடைக் கடை வைத்திருந்தார். அவர் போன பிறகு கடை ஜெகன் மாமாவின் பேரில் இருந்தது. ஆனால் தோசைக் கல்லுக்கு முன்னால் நின்றது அத்தை. காலையில் ஆபீஸ் போகிற வங்காளிகள் வரிசையில் நிற்பார்கள். அத்தை அப்போது மிகவும் பருமனாக இருப்பார். கல்லுக்கும் சுவருக்கும் இடையில் அவர் நின்றால் வேறு யாரும் அந்த வழியாகப் போக முடியாது. அண்ணன் மனைவியை வங்காளத்தில் பௌதி என்பார்கள். மோட்டா என்றால் குண்டு. கடைக்குப் பலகையில் என்ன பெயர் இருந்தது என்று யாருக்கும் நினைவில்லை. எல்லோருக்கும் அது மோட்டா பௌதி கடைதான். அந்தப் பெயரில் அத்தைக்கு வருத்தமில்லை. குரல் கேட்டாலே யார் என்று கண்டுபிடித்து, அவரவருக்குப் பிடித்த மாதிரி மொறுமொறுப்பாகவோ மெதுவாகவோ ஊற்றிக் கொடுப்பார்.

ஜெகன் மாமா அவரை அடிப்பார். இதைப் பூசி எழுதத் தெரியவில்லை. சட்னியில் உப்புக் கூடினால் முதுகில் ஒன்று. ஆள் வரிசையில் நிற்கும்போது மாவு தீர்ந்தால் பிடரியில் ஒன்று. வாடிக்கையாளர்கள் பார்ப்பார்கள், பிறகு தட்டைப் பார்ப்பார்கள். ஒருமுறை எங்கள் அப்பா தட்டிக் கேட்டதற்கு அவர் சிரித்துக்கொண்டே சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. "அவளுக்கு எங்க ஒறைக்கப் போவுது அண்ணாச்சி, மெத்தை மேல அடிக்க மாதிரிதான்." பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள். அத்தையும் சேர்ந்து சிரித்தார்.

பிறகு சர்க்கரை கூடியது. முழங்கால்கள் இரண்டும் போயின. ஒரு நாள் கல்லுக்கு முன்னாலேயே கால் மடங்கி விழுந்தார். விழும்போது ஊன்றிய கை கல்லில் பட்டு உள்ளங்கைத் தோல் கழன்றது. அதன்பிறகுதான் டாக்டர்கள் வயிற்றைச் சுருக்கும் ஆபரேஷனைச் சொன்னார்கள். அவர் நிற்காவிட்டால் கடை நிற்கும் என்பதால் ஜெகன் மாமா சம்மதித்தார். ஆனால் ஊருக்கு உண்மையைச் சொல்லவில்லை. தின்று தின்றே வயிற்றை வெட்டிக்கொண்டாள் என்று தன் சொந்தக்காரர்கள் கேலி செய்வார்கள் என்று, பித்தப்பையில் கல் என்று சொல்லிவிட்டார். அத்தையையும் அப்படியே சொல்லச் சொன்னார்.

அதன்பின் அத்தை சிறு கிண்ணத்தில் நாலு வாய் சாப்பிடுவார். ஒரு வருஷம் கடந்ததும் பாதி உடம்புதான் இருந்தது. சர்க்கரை இறங்கியது. மாடிப்படி ஏறி எங்கள் வீட்டுக்கு வந்தார், மூச்சு வாங்காமல். அம்மா அழுதுவிட்டாள்.

அடி மட்டும் குறையவில்லை. முன்பு சதையில் நின்ற அடி இப்போது எலும்பில் விழுந்தது. பிடரியில் ஒரு அடி விழுந்து நாக்கைக் கடித்துக்கொண்டார். தோள்பட்டையில் விழுந்த அடியில் ஒரு வாரம் கையைத் தூக்க முடியவில்லை. அடித்தவரின் கையும் வலித்திருக்க வேண்டும். அதன்பிறகு ஜெகன் மாமா கையை விட்டுவிட்டு அகப்பையை எடுத்தார்.

முகம் இறங்கியது அதே சமயத்தில்தான். உள்ளே இருந்த கொழுப்பு போய்விட்டது, மேலே இருந்த தோல் போகவில்லை. கன்னம் இரண்டும் தாடைக்கு இருபுறமும் பை போலச் சரிந்தன. தாடை எங்கே முடிகிறது, கழுத்து எங்கே தொடங்குகிறது என்று கோடு தெரியவில்லை. கழுத்தில் மாட்டின் அலைதாடி போலத் தோல் ஆடியது. முதலில் அத்தை அதையும் சிரித்துத்தான் சொன்னார். "மூட்டையில இருந்து அரிசிய எடுத்தாச்சு. சாக்கு எங்க போவும்?" ஆனால் தோசைக் கல்லின் சூட்டில் மடிப்புக்குள் வியர்வை தேங்கியது. சிவந்து, தடித்து, பிறகு நீர் கசிந்தது. பவுடர் போட்டார். பவுடர் பிசுபிசுத்து வாடை அடித்தது. தோசை வாங்க வந்த ஒரு சின்னப் பெண் அவரைப் பார்த்துத் தன் அம்மாவின் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். மறுநாள் அத்தை கழுத்தில் துணி சுற்றிக்கொண்டு வந்தார். துணி சுற்றியதும் புண் இன்னும் மோசமானது.

செய்யாதது எதுவும் இல்லை. முட்டை வெள்ளைக்கரு தடவினார். போனில் பார்த்து வாயைக் குவித்து, நாக்கைச் சுழற்றிப் பயிற்சி செய்தார். கரியாஹாட் நடைபாதையில் விற்கிற தாடைப் பட்டையை வாங்கிக் கட்டிக்கொண்டு தூங்கினார். காலையில் பட்டையின் தடம்தான் இருந்தது. ஒரு பியூட்டி பார்லரில் சூடு வைக்கிற மெஷினை மாதக்கணக்கில் வைத்துக்கொண்டார். கடைசியில் மெட்ரோ ஏறி ஒரு பிளாஸ்டிக் சர்ஜரி டாக்டரைப் பார்க்கப் போனார். துணைக்கு நான் போனேன். கழுத்தைப் பார்க்கும்போது மட்டும் திரைக்கு வெளியே நின்றேன்.

அந்த டாக்டரம்மா எதையும் மறைக்கவில்லை. கிரீமும் மசாஜும் இவ்வளவு தளர்ந்த தோலை ஒன்றும் செய்யாது என்றார். மெஷின் லேசான தளர்வுக்கு மட்டும்தான். இதற்குக் கத்திதான் வழி. காதுக்கு முன்னால் தொடங்கி, காது மடலைச் சுற்றி, பின்னால் முடிக்குள் போகிற ஒரு வெட்டு. தாடைக்கு அடியில் இன்னொரு சின்ன வெட்டு. முதலில் உள்ளே தளர்ந்த தசையை இழுத்துத் தைக்க வேண்டும். பிறகு மிச்சத் தோலை வெட்டி எடுக்க வேண்டும். தோலை மட்டும் இழுத்துத் தைத்தால் சீக்கிரம் மறுபடி தொங்கிவிடும். தழும்பு இருக்கும், ஆனால் மறைவாக இருக்கும். கொஞ்ச நாள் காது மரத்துப்போகும். அபூர்வமாக வாயின் ஒரு ஓரம் இழுத்துக்கொள்ளலாம். இருபது வயது முகம் வராது, உங்கள் வயது முகம்தான் வரும் என்றார். அதற்கு முன் எடை சில மாதம் ஏறாமல் இறங்காமல் நிற்க வேண்டும். ரத்தம் ஊற வேண்டும். மடிப்பில் உள்ள புண் ஆற வேண்டும். வெற்றிலையோடு போடுகிற ஜர்தாவை அறவே விட வேண்டும், புகையிலை போட்டால் தையல் போட்ட தோல் அழுகிவிடும் என்றார்.

எதற்காகச் செய்துகொள்கிறீர்கள் என்று டாக்டரம்மா கேட்டார். அத்தை யோசிக்காமல் பதில் சொன்னார். கழுத்தில் துணியில்லாமல் கல்லுக்கு முன்னால் நிற்க வேண்டும். அவ்வளவுதான்.

ஜெகன் மாமாவிடம் சொன்ன அன்று அவர் அத்தையின் வெற்றிலைப் பெட்டியை எடுத்து முகத்தில் எறிந்தார். புருவம் கிழிந்தது. யாருக்குக் காட்ட இந்த அலங்காரம் என்று கேட்டார். அத்தை பெட்டியை எடுக்கவில்லை. அதற்குப் பிறகு ஜர்தாவைத் தொடவுமில்லை.

ஜெகன் மாமாவின் தம்பி வேதாச்சலம் ஊரிலிருந்து வந்து கல்லாவில் உட்கார்ந்தது இந்தக் காலத்தில்தான். அவர் அண்ணனைப் போல இங்கே வளரவில்லை, ஊரில் தாத்தா வீட்டில் வளர்ந்தவர். வங்காளம் தெரியாது. அத்தையின் வயிற்று ஆபரேஷனைப் பற்றியும் தெரியாது. அவருக்கும் பித்தப்பைக் கல் என்றுதான் சொல்லியிருந்தார்கள்.

வங்காளத்தில் ஒரு சொல் இருக்கிறது. ரோகா. அதற்கு ஒல்லி என்று பொருள். உடம்பு இளைத்தவரைப் பார்த்தால் "ரோகா ஹொயே கேச்சோ" என்பார்கள், இளைத்துவிட்டாயே என்று. சில சமயம் பாராட்டாகவே சொல்வார்கள். தமிழ்க் காதில் அது என்னவாக விழும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கடைக்கு வருகிற ஒவ்வொருவரும் கல்லாவைத் தாண்டும்போது அத்தையைப் பார்த்து இதைத்தான் சொன்னார்கள். மோட்டா பௌதி ரோகா. பௌதி எவ்வளவு ரோகா. வேதாச்சலம் கல்லாவில் உட்கார்ந்து, காலையிலிருந்து மதியம் வரை, ஊரே சேர்ந்து தன் மதினிக்கு ரோகம் என்று சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தார். கண் முன்னால் மதினி உருகிக்கொண்டும் இருந்தார். கழுத்தில் துணி வேறு. துணிக்கு அடியில் கசிகிற புண்.

அவர் ஊரில் ஒருவர் அப்படி மெலிந்து மெலிந்து செத்திருக்கிறாராம். அந்த வீட்டுத் தண்ணீரைக் கூட யாரும் குடிக்கவில்லையாம். அந்தச் சீக்குதான் இது என்று வேதாச்சலம் முடிவு கட்டிவிட்டார். அண்ணனிடம் போய்ச் சொன்னார். எங்கள் வீட்டு ஜன்னலுக்கு நேர் கீழே நின்றுதான் சொன்னார்.

"மதினிக்கு ரோகம்னு வாரவன் போறவன் எல்லாம் சொல்லுதான். நீ மூடி மறைக்க. நாளைக்கு ஒரு பய இங்க சாப்பிட வருவானா?"

ஜெகன் மாமா பீடியைப் பற்றவைத்தார். பார்த்துக்கலாம் என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அதிலிருந்து எல்லாம் வேகமாக நடந்தது. முதலில் அத்தையின் டம்ளரும் தட்டும் தனியாக வைக்கப்பட்டன. பிறகு அந்தத் தட்டு வாசலுக்குப் பறந்தது. அத்தையைக் கல்லில் நிற்க விடாமல் வேதாச்சலமே தோசை ஊற்றத் தொடங்கினார். சட்னிக்குத் தேங்காய் துருவ உட்கார்ந்தவரை வேதாச்சலம் துருவுமணையோடு எட்டி உதைத்தார். தொடையில் வெட்டுப்பட்டது. அந்த ரத்தத்தை யாரும் தொடக்கூடாது என்று சொல்லி, அத்தையையே துடைக்க வைத்தார். தனக்கு எந்தச் சீக்கும் இல்லை என்று அத்தை சொன்னார். பித்தப்பைக் கல்லுக்கு ஆபரேஷன் செய்தால் பாதி உடம்பா போகும் என்று வேதாச்சலம் கேட்டார். அத்தை கணவரைப் பார்த்தார். உண்மையைச் சொல்ல அவர் வாயைத் திறக்கவில்லை. அத்தையும் சொல்லக்கூடாது என்று கண்ணைக் காட்டினார். அத்தை சொல்லத் தொடங்கிய இரண்டு முறையும் அகப்பை விழுந்தது.

அத்தை பொறுத்துக்கொண்டதற்குக் காரணம் எனக்குத் தெரியும். ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்துவிட்டார்கள். கழுத்துப் புண் ஆறிவிட்டது. எடை நின்றுவிட்டது. தேதி வரைக்கும் முகத்தில் காயம் படாமல் இருந்தால் போதும் என்று நினைத்தார். அடி விழும்போது முகத்தை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டு முதுகைக் கொடுத்தார்.

தேதிக்கு முந்தைய வாரம், காலை நேரம். கடையில் கூட்டம். மாவு சரியாகப் புளிக்கவில்லை என்று அத்தை பின்பக்கம் போய், உப்புப் போட்டுக் கையை விட்டுக் கலக்கினார். எத்தனையோ வருஷமாகச் செய்கிற வேலை. கை தானாகப் போயிருக்கும். வேதாச்சலம் கல்லில் தோசை எடுத்துக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

"மதினி, மாவுல கை வைக்காதீய. கைய எடுங்க மதினி."

அத்தை நிறுத்தவில்லை. அன்றைக்கு ஏன் நிறுத்தவில்லை என்று பிறகு கேட்டபோது, மாவு பாதி கலந்திருந்தது என்றார்.

வேதாச்சலம் வந்து கழுத்துத் துணியை உருவினார். தொங்கிய தோலைக் கைப்பிடியாகப் பிடித்தார். ஒரு முழங்கையைப் பிடித்தால் உதறலாம், முடியைப் பிடித்தால்கூடத் தலையைத் திருப்பலாம். தோலைப் பிடித்தால் ஒன்றும் செய்ய முடியாது. இழுத்த பக்கமெல்லாம் உடம்பு போயாக வேண்டும். அப்படியே அவரை மாவுப் பாத்திரத்திலிருந்து கல் வரைக்கும் இழுத்துக்கொண்டு வந்தார். இழுக்கும்போதும் மதினி மதினி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். அத்தை அவர் மணிக்கட்டைக் கடித்தார். அப்போது அவர் கல்லின் மேல் காய்ந்துகொண்டிருந்த இரும்புத் தோசைத் திருப்பியை எடுத்து அதன் விளிம்பால் ஓங்கி அடித்தார். காதுக்குக் கீழே தோல் பிளந்தது. சூடான இரும்பு பட்ட இடம் சுருங்கி வெந்தது. வாடை வந்தது என்று வரிசையில் நின்றவர்கள் சொன்னார்கள்.

நான் படியிறங்கி வந்தபோது அத்தை கல்லடியில் முழங்காலிட்டிருந்தார். வேதாச்சலம் இரண்டாவது முறை ஓங்கியிருந்தார். ஜெகன் மாமா கையில் சட்னித் தூக்கோடு நின்றுகொண்டு, போதும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அதட்டிச் சொல்லவில்லை. பந்தியில் இரண்டாவது கரண்டி வேண்டாம் என்று சொல்வது போலச் சொன்னார்.

ரஞ்சன் என்று ஒரு ஆட்டோக்காரர் தினமும் அங்கே சாப்பிடுவார். அவர்தான் பாய்ந்து வேதாச்சலத்தின் கையை முறுக்கித் திருப்பியைப் பிடுங்கி, சந்துக்குத் தள்ளினார். சந்தில் ஆட்கள் இருந்தார்கள். பொம்பளையை அடித்தான் என்று ஒரு குரல் வந்தது. பிறகு கூட்டம் வேதாச்சலத்தின் மேல் விழுந்தது. இப்படி ஊர் சேர்ந்து அடிப்பதற்கு இங்கே ஒரு சொல்லே இருக்கிறது, கணதொலாய். செருப்பாலும் குடையாலும் கருங்கல்லாலும் அடித்தார்கள். ஒருவர் காய்கறிக் கூடையைத் தலையில் கவிழ்த்து அதன் மேல் மிதித்தார். முன்பல் இரண்டு சாக்கடைக்குள் விழுந்தன. காறை எலும்பு உடைந்த சத்தம் எனக்கே கேட்டது. அதே சந்தில் பல வருஷமாக ஜெகன் மாமாவின் அடியைப் பார்த்துவிட்டுத் தட்டைப் பார்த்தவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். போலீஸ் வந்துதான் அவர்களை விலக்கியது.

ரஞ்சனின் ஆட்டோவில் அத்தையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஜெகன் மாமாவும் ஏறிக்கொண்டார். தவறி விழுந்து கல்லில் பட்டுவிட்டது என்று டாக்டரிடம் அவர்தான் முந்திக்கொண்டு சொன்னார். அதை நம்பாமல்தான் அந்த டாக்டர் என் பக்கம் திரும்பி, நான் முதலில் எழுதிய கேள்வியைக் கேட்டார். படுத்திருந்த அத்தை கையை உயர்த்தி டாக்டரின் விரலைப் பிடித்து, மடிப்பின் மேல் வைத்து, பிறகு காயத்தின் மேல் வைத்தார். வங்காளத்தில்தான் சொன்னார். தொங்குவது என்னுடையது, கிழிந்தது என் கொழுந்தனுடையது.

தையல் போட்டார்கள். போலீஸ் வந்து எழுதிக்கொண்டது. ஆபரேஷன் தேதி போயிற்று. டாக்டரம்மா வந்து பார்த்துவிட்டு, இந்தத் தழும்பு முதிர்ந்து இளகும் வரை அந்த இடத்தில் கத்தி வைக்க முடியாது என்றார். அத்தை அன்று முழுவதும் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். வேதாச்சலத்தை ஊர் அடித்ததைச் சொன்னால் கொஞ்சம் ஆறும் என்று நினைத்துச் சொன்னேன். கொழுந்தனின் பல் விழுந்ததால் தன் தேதி திரும்பி வருமா என்று அத்தை கேட்டார்.

அத்தை எங்கள் வீட்டில் தங்கினார். வேதாச்சலம் ஜாமீனில் வந்தார். ஜெகன் மாமா எங்கள் அம்மா மூலமாகச் சொல்லியனுப்பிக்கொண்டே இருந்தார். வழக்கை முடித்துக்கொண்டால் ஆபரேஷனுக்கு அவரே துணைக்கு வருவார், கல்லை அத்தையிடமே கொடுத்துவிடுவார். அத்தை தளர்ந்துதான் இருந்தார். கேட்டது அந்தக் கல்தானே, அதைத்தானே தருகிறார்கள் என்று ஒருநாள் அம்மாவிடம் சொன்னார். பேசிப் பார்க்கச் சம்மதித்து, அலிப்பூர் கோர்ட்டுக்கு வெளியே ஒரு டீக்கடை பெஞ்சுக்கு வந்தார். நானும் அம்மாவும் கூடப் போனோம்.

வேதாச்சலத்தின் தோளில் இன்னும் கட்டு இருந்தது. அவருடைய வக்கீல் ஒரு வங்காளி. நல்ல மனிதர் போலத்தான் பேசினார். எதனால் உங்கள் மதினிக்கு நோய் என்று நினைத்தீர்கள் என்று ஹிந்தியில் கேட்டார். வேதாச்சலம் முன்பல் போன வாயால், தெரிந்த அரைகுறை ஹிந்தியில், கடைக்கு வந்த அத்தனை பேரும் சொன்னார்கள், ரோகா ரோகா என்று என் காதாலேயே கேட்டேன் என்றார்.

வக்கீல் டீ கிளாஸைக் கீழே வைத்தார். அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று சொன்னார். சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. டீக்கடைக்காரர் சிரித்தார். பக்கத்து பெஞ்சில் இருந்தவர்கள் இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டுச் சிரித்தார்கள். வேதாச்சலம் மட்டும் வாயைத் திறந்தபடி, வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தார். ஒரு சொல் பிசகியதால் வந்த வினை, இதில் கெட்ட எண்ணம் எங்கே இருக்கிறது, கையெழுத்தைப் போட்டு முடித்துக்கொள்ளுங்கள் என்றார் வக்கீல். ஜெகன் மாமா தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தார்.

"முட்டாப்பய, ரோகான்னா ஒல்லின்னு கூடத் தெரியாம இருந்திருக்கான் பாரு."

அத்தை அவரைத் திரும்பிப் பார்த்தார். தையல் போட்ட பக்கம் திரும்பாததால் உடம்பையே முழுதாகத் திருப்பியிருந்தார்.

"அவருக்குத் தெரியாது. வந்து ரெண்டு வருசம் ஆவல." குரல் தாழ்ந்துதான் இருந்தது. "நீங்க இங்கனயே பொறந்து வளந்தவரு. ஒங்களுக்குத் தெரியும்லா?"

ஜெகன் மாமாவின் சிரிப்பு நின்றது.

"அவரு ஒங்ககிட்ட வந்து ரோகம்னு சொல்லையில, அது அந்த அர்த்தம் இல்லடான்னு ஒரு வார்த்த சொல்ல ஒங்களுக்கு வாயி வரலியா?"

அவர் ஏதோ தொடங்கினார். அந்த நேரத்தில் தோணவில்லை என்றார். பிறகு, நீயும்தான் அடங்க மாட்டேன் என்று முகத்தை வெட்டிக்கொள்ள நின்றாய், அவன் ரெண்டு அதட்டு அதட்டினால் வீட்டில் கிடப்பாய் என்று நினைத்தேன் என்றார். இதைச் சொல்லும்போது அவருக்கு வெட்கமாகக்கூட இல்லை. எல்லோருக்கும் புரிகிற நியாயம் என்றுதான் சொன்னார். வக்கீல் முகத்தைத் துடைத்துக்கொண்டார். டீக்கடைக்காரர் பாலைக் கிண்டத் தொடங்கினார்.

அத்தை எழுந்தார். ஜெகன் மாமா அவர் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைக்கப் பார்த்தார், பழக்கம். அத்தை சூடான டீயை அவர் முகத்தில் ஊற்றினார். அவர் அலறினார். அதற்காக யாரும் அத்தையைக் குறை சொன்னால் சொல்லட்டும். நடந்ததைத்தான் எழுதுகிறேன்.

அங்கிருந்து நேராகப் போலீஸ் ஸ்டேஷன் போய், புகாரில் கணவரின் பெயரையும் சேர்க்கச் சொன்னார். பல வருஷ அடியையும் சொன்னார். எழுதிக்கொண்ட பெண் போலீஸ் ஒரு இடத்தில் பேனாவை நிறுத்திவிட்டு, தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம், எழுதுங்கள் என்றார் அத்தை. வழக்கு இன்னும் நடக்கிறது. அண்ணனும் தம்பியும் ஒரு வாய்தாவுக்கு வருகிறார்கள், ஒரு வாய்தாவுக்கு வருவதில்லை.

தழும்பு இளகியதும் ஆபரேஷன் நடந்தது. துணைக்கு அம்மா இருந்தாள். பழைய தழும்பின் பெரும்பகுதியைத் தோலோடு சேர்த்து வெட்டி எடுத்துவிட்டதாக டாக்டரம்மா சொன்னார். கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, கழுத்தில் கோணலாக. கட்டைப் பிரித்த அன்று முகம் பூசணி போல வீங்கி, மஞ்சளும் பச்சையுமாக இருந்தது. கழுத்திலிருந்து ரத்தம் வடிய வைத்திருந்த குழாயை எடுக்கும்போது அத்தை என் கையை நெரித்த நெரிப்பில் என் மோதிரம் வளைந்தது. வாயின் இடது ஓரம் சில வாரம் இறங்கியிருந்து பிறகு சரியாயிற்று. காது மடல் இன்னும் மரத்திருக்கிறது. தோடு போட்டால் தெரியவில்லை என்கிறார். தாடைக்கும் கழுத்துக்கும் நடுவே இப்போது ஒரு கோடு இருக்கிறது. டாக்டரம்மா சொன்னபடி, அவர் வயதுப் பெண்ணின் முகம்தான்.

கரியாஹாட் கடைக்கு அவர் திரும்பிப் போகவில்லை. காளிகாட் மெட்ரோவிலிருந்து உள்ளே போகிற ஒரு சந்தில் ரஞ்சனின் அக்கா வீட்டு முன்பகுதியில் ஒரு கல் போட்டிருக்கிறார். பழைய ஆட்கள் தேடி வருகிறார்கள். பழக்கத்தில் யாராவது ரோகா என்று சொல்லிவிட்டால் அவர் கை ஒரு நொடி நிற்கிறது, பிறகு தோசையைத் திருப்புகிறது. வெயிலில், கழுத்தில் துணியில்லாமல், வியர்வை வழிய நிற்கிறார்.

இதைப் படிப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். உடம்பு இளைத்து முகம் தொங்கிப்போன யாராவது உங்களுக்குத் தெரிந்திருந்தால், இந்தக் கதையை அவர்களிடம் கொண்டுபோக வேண்டாம், அவர்களுக்கு இது தெரியும். அவர்கள் வீட்டில் இருப்பவர்களிடம் சொல்லுங்கள். வீட்டில் யாரோ ஒருவருக்கு எல்லாம் தெரிந்திருக்கும், தெரிந்தும் பேசாமல் இருப்பார். அவர் காதில் விழும்படி, கொஞ்சம் உரக்கவே சொல்லுங்கள்.